சிஸ்டரைக் கேளுங்கள்: ஒரு கையால் போடும் கட்டு

போன இதழில் தூண்டில் முள் ஏறினால் என்ன செய்வது என்று எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே புகாரைத்தான் சொல்கின்றன: மருந்து போட்டாச்சு, கட்டு நிற்கவில்லை. என் வேலைக்காலத்தில் பெரும்பகுதி இந்தக் கடற்கரையின் அரசு மருத்துவமனை டிரெஸ்ஸிங் அறையில் கழிந்தது. அங்கே நேர்த்தியாகக் கட்டி அனுப்பிய கட்டு மறுநாள் கணுக்காலில் சுருண்டு கிடப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். கட்டிவிட ஒரு ஆள் பக்கத்திலேயே இருப்பார் என்று நினைத்துக்கொண்டு கட்டுகிறோம். கடலிலும் உப்பளத்திலும் அப்படி யாரும் இருப்பதில்லை. அதனால் இந்த மாதம் முழுக்கக் கட்டைப் பற்றி மட்டும் பேசுவோம்.

கேள்வி: கடலில் பாசி எடுக்கப் போகிறோம் சிஸ்டர். பாறையில் விரல் கீறாத நாள் கிடையாது. பழைய சேலையைக் கிழித்து விரல் விரலாகச் சுற்றிக்கொண்டுதான் இறங்குகிறோம். கடையில் வாங்குகிற பிளாஸ்திரி தண்ணிக்குள் போனதும் கழன்று மிதக்கிறது. தண்ணியில் நிற்கிற மாதிரி ஒரு கட்டு சொல்லுங்கள்.
— பாசி எடுக்கும் பெண், சின்னப்பாலம்

பதில்: தங்கச்சி, நீங்கள் கேட்டிருக்கிற அதே கேள்வியிலிருந்துதான் பிளாஸ்திரியே பிறந்தது. அமெரிக்காவில் நியூ ஜெர்சியில், ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனிக்குப் பஞ்சு கொள்முதல் செய்கிற வேலையில் இருந்தவர் எர்ல் டிக்சன். அவர் மனைவி ஜோசபினுக்குச் சமையல் வேலையில் அடிக்கடி விரல் வெட்டுப்படும், சுடும். அந்தக் காலத்தில் காஸ் துணியைத் தனியாக வெட்டி, ஒட்டும் நாடாவைத் தனியாக வெட்டி, இரண்டையும் சேர்த்து ஒட்ட வேண்டும். வெட்டுப்பட்ட கையை வைத்துக்கொண்டு மறுகையால் இதைச் செய்ய முடியாது. செய்தாலும் வேலை செய்யும் விரலில் அது நிற்காது. 1920இல் டிக்சன் ஒரு நீளமான ஒட்டு நாடாவை விரித்து, அதன் நடுவில் இடைவெளி விட்டுவிட்டுச் சின்னக் காஸ் மடிப்புகளை வைத்தார். பசை காய்ந்து போகாமல் இருக்க மேலே விறைப்பான துணியைப் போர்த்திச் சுருட்டி வைத்தார். கணவர் வேலைக்குப் போன பிறகு, காயம் பட்டால் ஜோசபினே ஒரு துண்டை வெட்டித் தன் விரலில் ஒட்டிக்கொள்ளலாம்.

1921இல் கம்பெனி அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. முதலில் வந்தது 3 அங்குல அகலம், 18 அங்குல நீளத்தில் ஒரே துண்டு. வாங்குகிறவர் கத்தரிக்கோலால் வெட்டிக்கொள்ள வேண்டும். முதல் வருடம் வெறும் 3,000 டாலருக்குத்தான் விற்றது. 1924இல் இயந்திரத்தில் அளவாக வெட்டி வர ஆரம்பித்த பிறகுதான் வீடுவீடாகப் போனது. தன் கட்டைத் தானே கட்டிக்கொள்ளும் வழியை டிக்சன் யோசித்தார் பாருங்கள், அதற்காகவே அந்த மனிதர் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

சரி, உங்கள் விரலுக்கு வருவோம். பிளாஸ்திரியின் பசை காய்ந்த தோலைத்தான் பிடிக்கும். ஈரம், உப்பு, தேங்காயெண்ணெய் இந்த மூன்றில் எது இருந்தாலும் பிடிக்காது. கடலில் இறங்கும் அவசரத்தில், படகிலேயே ஈரக் கையோடு ஒட்டினால் பத்து நிமிடம்கூடத் தாங்காது. வீட்டில் நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, விரல் முழுக்கக் காய்ந்த பிறகு ஒட்டுங்கள். ஒட்டும் முன் பிளாஸ்திரியின் நான்கு மூலைகளையும் கத்தரிக்கோலால் வளைவாக வெட்டி விடுங்கள். கூர் மூலைதான் முதலில் சுருளும். ஒட்டியதும் உள்ளங்கையால் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடியுங்கள், அந்தச் சூட்டில் பசை இளகிப் பிடித்துக்கொள்ளும். விரல் நுனியில் காயம் என்றால், பிளாஸ்திரியின் இரு முனையையும் நடுவில் காஸ் வரை கீறிவிட்டால் நான்கு வால் கிடைக்கும். காஸை நுனியில் வைத்து, கீழ் இரண்டு வாலையும் முதலில் சுற்றி, மேல் இரண்டையும் குறுக்காக மடித்து ஒட்டுங்கள். மூட்டிலும் இதே முறைதான். விரலை மடக்கினாலும் பிய்ந்து வராது.

அதற்கு மேல் மெடிக்கலில் விற்கும் ரப்பர் கையுறையின் ஒரு விரலை மட்டும் வெட்டி மாட்டிக்கொள்ளலாம். உங்கள் விரலைவிடச் சற்றுத் தளர்வான அளவு பாருங்கள். அடிப்பக்கத்தில் ரப்பர் பேண்டு மட்டும் போடாதீர்கள். ரத்த ஓட்டம் நின்று விரல் கறுத்து வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கரையேறியதும் முதல் வேலையாக உறையைக் கழற்றிவிட வேண்டும்.

மருத்துவமனையில் விரலுக்கென்றே குழாய் மாதிரி நெய்த காஸ் உண்டு. கம்பியால் செய்த சின்னக் கூண்டு ஒன்றில் அதைச் சுருக்கி ஏற்றி, கூண்டை விரலில் நுழைத்து, காஸை அடிவிரலில் பிடித்துக்கொண்டு கூண்டை வெளியே இழுப்போம். நுனி தாண்டியதும் ஒரு முறுக்கு, அப்புறம் மறுபடி உள்ளே. இரண்டு அடுக்கு உறை தயார், முடிச்சே இல்லை. நம் நாட்டில் சுசுருத சம்ஹிதை சொல்லும் 14 வகைக் கட்டுகளில் ஒன்று கோசம். அதுவும் விரல்களுக்கான உறைக்கட்டுதான். குழாய்க் காஸை மெடிக்கலில் சொல்லிவைத்தால் வரவழைத்துக் கொடுப்பார்கள். கூண்டு இல்லாமல் கையாலும் ஏற்றலாம்.

நீங்கள் சுற்றுகிற சேலைத் துணியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காயம் இல்லாத விரலுக்கு அது நல்ல காவல். காயம் உள்ள விரலில் அதே துணி மணிக்கணக்கில் நனைந்தபடி கிடந்தால் தோல் வெளுத்து ஊறி, சின்னக் கீறல் பெரிய புண்ணாகும். ஆழமாகக் கிழிந்திருந்தால் அன்றைக்கு இறங்க வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். அது அன்றைய வருமானத்தை விடச் சொல்வது என்று தெரிந்தேதான் சொல்கிறேன். கடல் தண்ணீரில் விப்ரியோ என்ற கிருமிக் குடும்பம் இருக்கிறது. அதில் ஒரு வகை, சர்க்கரை நோயோ கல்லீரல் நோயோ உள்ளவர்களின் புண்ணில் புகுந்தால் ஒரே நாளில் உயிருக்கு ஆபத்தாகிவிடும். காயத்தைச் சுற்றிச் சிவப்பு பரவுவது, நீர்க்கொப்புளம், காய்ச்சல், காயத்தின் அளவுக்குப் பொருந்தாத கடும் வலி இவற்றில் எது வந்தாலும் இரவானாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். "கடலில் பட்ட காயம்" என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அதற்கேற்றபடிதான் மருந்தைத் தேர்ந்தெடுப்பார்.

கேள்வி: அக்கா, நான் ஒற்றை ஆளாக வத்தையில் (சின்னப் படகில்) போய் நண்டு வலை எடுக்கிறவன். போன மாதம் வலையில் கிடந்த திருக்கை மீன் வால் முள்ளால் புறங்கையில் அடித்துவிட்டது. ரத்தம் நிற்கவில்லை. நைலான் கயிற்றால் மணிக்கட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு கரைக்கு வந்தேன். ஒரே கையால் எப்படிக் கட்டுவது?
— மீனவர், மூக்கையூர்

பதில்: தம்பி, கயிற்றை முதலில் விட்டுவிடுங்கள். மெல்லிய கயிறு நரம்பையும் சதையையும் அறுக்கும். திருக்கை விஷத்தையும் அது தடுக்காது. காயத்தின் மேலேயே நேராக அழுத்துவதுதான் ரத்தத்தை நிறுத்தும் முதல் வழி. சுத்தமான துணியை மடித்து வைத்து, பத்து நிமிடம் எடுத்துப் பார்க்காமல் அழுத்துங்கள். பார்க்க வேண்டும் என்று ஆசையாகத்தான் இருக்கும். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் உறைந்த ரத்தம் துணியோடு சேர்ந்து வந்துவிடும். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்றை வையுங்கள். கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வையுங்கள்.

ஒற்றைக் கையால் கட்டுவதைப் பற்றி இஸ்ரேல் ராணுவத்தில் மருத்துவ உதவியாளராக இருந்த பெர்னார்ட் பார்-நாதன் என்பவர் ரொம்ப யோசித்திருக்கிறார். அவர் பயிற்சி எடுத்தபோது, அழுத்தம் வேண்டுமானால் கீழே கிடக்கும் ஒரு கல்லை எடுத்து வைத்துக் கட்டு என்று சொல்லிக்கொடுத்தார்களாம். அது அவருக்குப் பொறுக்கவில்லை. 1990களில் அவர் உருவாக்கிய கட்டில் காஸ் திண்டும், மீள்தன்மையுள்ள நீளத் துணியும், நடுவில் ஒரு பிளாஸ்டிக் வளைவும் சேர்ந்தே இருக்கும். திண்டைக் காயத்தில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றி, துணியை அந்த வளைவுக்குள் மாட்டி, வந்த திசைக்கு எதிராக இழுத்தால் வளைவு காயத்தின் மேல் அழுந்தும். அதற்கு மேல் சுற்றிக்கொண்டே போய், முனையில் உள்ள கொக்கியைச் செருகினால் முடிந்தது. முடிச்சுப் போட வேண்டாம், இன்னொரு ஆள் வேண்டாம்.

அது இங்கே எல்லாக் கடையிலும் கிடைக்காது. அதே தந்திரத்தை வீட்டில் தைத்துக்கொள்ளலாம். நாலு விரல் அகலத்தில், இரண்டு கஜம் நீளத்தில் நல்ல பருத்தித் துணியைக் கிழித்துக்கொள்ளுங்கள். ஒரு முனையில் துணி நுழையும் அளவுக்கு ஒரு வளையம் தையுங்கள். வளையத்துக்குப் பக்கத்திலேயே உள்ளங்கை அளவுக்கு நாலைந்து மடிப்புத் துணியைத் திண்டாகத் தைத்துவிடுங்கள். கொதிநீரில் போட்டு எடுத்து, வெயிலில் காயவைத்து, இஸ்திரி போட்டு, தண்ணீர் புகாத கவரில் மூடி வைக்கலாம். அடிபட்டால் திண்டைக் காயத்தில் வைத்து, துணியைச் சுற்றி வளையத்தில் நுழைத்து, எதிர்ப்பக்கம் இழுத்துச் சுற்றுங்கள். கடைசி முனையை முந்தைய சுற்றுக்குள் செருகிவிடுங்கள். கரையில் உட்கார்ந்து வலது கைக்கும் இடது கைக்கும் பழகிப் பாருங்கள். அடிபட்ட பிறகு பழக முடியாது. கட்டிய பிறகு நகத்தை அழுத்தி விட்டுப் பாருங்கள். வெளுத்த நகம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். சிவக்கவில்லை, விரல் மரத்துப்போகிறது என்றால் கட்டைத் தளர்த்துங்கள்.

திருக்கையைப் பொறுத்தவரை ரத்தம் நின்றதும் அடுத்த வேலை சுடுதண்ணீர். அதன் விஷம் சூட்டில் கெட்டுப்போகும் புரத வகை. படகில் அடுப்பு இருந்தால் தண்ணீரைச் சூடாக்கி, அடிபடாத கையால் தொட்டுப் பார்த்து, பொறுக்கக்கூடிய சூட்டில், அதாவது 45 டிகிரி செல்சியஸ் அளவில், அடிபட்ட கையை முக்கி வைக்கலாம். ஆறினால் மறுபடி சூடாக்கலாம். அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை வைத்தால் வலி நன்றாகக் குறையும். சுடுதண்ணீரில் ரத்தம் மறுபடி பீறிட்டால் நிறுத்திவிட்டு அழுத்தக் கட்டுக்குத் திரும்புங்கள். முள் வயிற்றிலோ நெஞ்சிலோ கழுத்திலோ ஏறியிருந்தால் பிடுங்கவே கூடாது. அது ஆடாமல் இருக்கும்படி இரண்டு பக்கமும் துணியை அண்டக்கொடுத்துக் கட்டிக்கொண்டு, உடனே கரை. புறங்கைக் காயம் ஆறிவிட்டாலும் உள்ளே முள் துணுக்கு தங்கியிருக்கலாம். ஒரு எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளுங்கள், டி.டி. ஊசி போட்டாயிற்றா என்றும் பாருங்கள்.

கேள்வி: வாப்பாவுக்கு சுகர். குதிகாலில் புண். தினமும் கட்டுப் பிரிக்கும்போது காஸ் ஒட்டிக்கொண்டு, சதையோடு பிய்ந்து வருகிறது. வாப்பா வலி தாங்காமல் கத்துகிறார்கள். பக்கத்து வீட்டில், கட்டே போடாமல் காத்தாட விடுங்கள், காய்ந்துவிடும் என்கிறார்கள். எது சரி, சிஸ்டர்?
— ஒரு மகள், கீழக்கரை

பதில்: கட்டுப் பிரிக்கும் நேரத்து வலியைப் பலரும் தவிர்க்க முடியாதது என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பெரும்பாலும் தவிர்க்கலாம்.

வெறும் காஸில் ரத்தமும் புண்ணீரும் ஊறிக் காயும்போது நூல் இடைவெளியில் பிடித்துக்கொள்கிறது. புதிதாக வளரும் சதையும் அந்தக் கண்களுக்குள் புகுந்துவிடுகிறது. இழுத்தால் நேற்று வளர்ந்ததை இன்று பிடுங்குகிறோம். முதல் உலகப் போரில் பிரான்சில் காயம்பட்டவர்களுக்கு இதே கொடுமை நடந்தது. அதற்கு வழி கண்டவர் அகஸ்ட் லூமியேர். சினிமாவைக் கண்டுபிடித்தார்கள் என்று படிக்கிறோமே, அந்த லூமியேர் சகோதரர்களில் ஒருவர்தான். பின்னாளில் முழுக்க மருத்துவத்தின் பக்கம் வந்துவிட்டார். பெரிய கண்கள் உள்ள வலைத் துணியைப் பாரஃபினில் தோய்த்து, புண்ணில் ஒட்டாத ஒரு அடுக்கை அவர் செய்தார். இன்று மெடிக்கலில் பாரஃபின் காஸ் என்று கேட்டால் தருவது அதன் வாரிசுதான். மருந்து சேர்த்தும் வருகிறது. அதைப் புண்ணின் மேல் ஒரே அடுக்காக வைத்து, அதன் மேல் சாதாக் காஸ், அதன் மேல் பஞ்சுத் திண்டு. புண்ணீர் வலைக்கண் வழியாக மேலே போய்விடும், காஸ் சதையைத் தொடாது. உங்கள் வாப்பாவின் புண்ணுக்கு அது பொருந்துமா என்று டிரெஸ்ஸிங் செய்கிற சிஸ்டரிடம் கேளுங்கள். ரொம்பச் சீழ் உள்ள புண்ணுக்கு வேறு வகை தேவைப்படலாம்.

இப்போதே ஒட்டியிருக்கும் கட்டை எடுக்க, என்.எஸ். (நார்மல் சலைன் என்ற கிருமி நீக்கிய உப்புநீர்) பாட்டில் தண்ணீரை ஊற்றி நன்றாக ஊறவிடுங்கள். அவசரமே வேண்டாம். எடுக்கும்போது மேல்நோக்கிப் பிடுங்காமல், தோலோடு படிந்தபடி ஓரத்திலிருந்து புண்ணின் நடுவை நோக்கி மெல்ல மடக்கிக்கொண்டே வாருங்கள்.

காத்தாட விடுவது பற்றி. நம் அம்மா, பாட்டி எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். டாக்டர்களும் ஒரு காலத்தில் அதைத்தான் சொன்னார்கள். ஜார்ஜ் விண்டர் என்ற ஆராய்ச்சியாளர் 1962இல் இதைச் சோதித்துப் பார்த்தார். பன்றிகளின் தோலில் ஒரே மாதிரி மேலோட்டமான காயங்களை உண்டாக்கி, சிலவற்றைக் காற்றில் திறந்து விட்டார், சிலவற்றைப் பாலிதீன் தாளால் மூடினார். மூடி ஈரப்பதத்தோடு இருந்த காயத்தில் புதுத்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாக மூடியது. காய்ந்த பொருக்குக்கு அடியில் புதுத்தோல் வழி தேடி இறங்கி வர வேண்டும். ஈரப்பதம் இருந்தால் மேலாக ஊர்ந்து வந்துவிடும். அடுத்த வருடமே மனிதர்களிடமும் அதே முடிவு வந்தது. இன்றைக்குக் கிடைக்கும் பிலிம், ஜெல், நுரைக் கட்டுகள் எல்லாமே அந்த ஆராய்ச்சிக்குப் பின்னால் வந்தவை. அதனால் புண்ணைத் திறந்து போட வேண்டாம். சொதசொதவென்று ஊறவும் விட வேண்டாம்.

நாள்தோறும் பிளாஸ்டரை ஒட்டிப் பிய்ப்பதில் சுற்றுத்தோலும் உரிந்திருக்கும். அதற்கு எளிய வழி உண்டு. புண்ணுக்கு இரண்டு பக்கமும் தள்ளி ஒவ்வொரு பட்டையை ஒட்டி, அதன் உள் ஓரத்தை மடித்து ஓட்டை போட்டு, சட்டைக் காஜாவில் நாடா கோத்த மாதிரி கோத்துவிடுங்கள். தினமும் நாடாவை அவிழ்த்துக் காஸை மாற்றினால் போதும், பட்டையைத் தொடவே வேண்டாம். அறுவை வார்டுகளில் இதை மாண்ட்கோமெரி பட்டை என்பார்கள். கீழே அகலமான கிரேப் பேண்டேஜை (இழுபடும் கட்டுத்துணியை) தளர்வாக, விரல் பக்கமிருந்து மேல்நோக்கிச் சுற்றலாம். சுகர் உள்ள காலுக்கு உணர்ச்சி குறைவு, கட்டு இறுகினாலும் அவருக்குத் தெரியாது. நீங்கள்தான் விரல்களைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மூக்கையூர் தம்பிக்குச் சொன்ன சுடுதண்ணீர் இந்தக் காலுக்கு ஆகவே ஆகாது, கொப்புளித்துவிடும். குதிகால் புண்ணில் உடல் பாரம் விழுந்துகொண்டே இருந்தால் எந்தக் கட்டும் ஆற்றாது. பாரத்தை மாற்றித் தரும் செருப்பைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

கேள்வி: கடல்பாசியிலும் இறால் ஓட்டிலும் காயக்கட்டு செய்கிறார்கள் என்று படித்தேன். உண்மையா? நம் ஊர்ப் பாசியில் செய்ய முடியுமா?
— கல்லூரி மாணவர், இராமநாதபுரம்

பதில்: உண்மைதான் தம்பி. இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு மிகுந்த சந்தோஷம்.

நம் கரையில் கட்டக்கோரை என்று அள்ளுகிறோமே, அது பழுப்புப் பாசி. அதன் செல்சுவரில் ஆல்ஜினேட் இருக்கிறது. அதை 1880களில் முதலில் பிரித்தெடுத்தவர் ஸ்டான்ஃபோர்டு என்ற பிரிட்டிஷ் வேதியியலாளர். அதைக் கால்சியத்தோடு சேர்த்து நாராக இழுத்து, கம்பளி மாதிரிப் பட்டையாக்கினால் காயக்கட்டு. புண்ணில் வைத்ததும் அந்த நாரிலுள்ள கால்சியமும் புண்ணீரிலுள்ள சோடியமும் இடம் மாறுகின்றன. நார் குழைந்து ஜெல் ஆகிறது. அந்த ஜெல் புண்ணீரை உறிஞ்சி, புண்ணை ஈரப்பதமாக வைத்து, பிரிக்கும்போது என்.எஸ். ஊற்றினால் வழுக்கிக்கொண்டு வந்துவிடுகிறது. விடுபட்ட கால்சியம் ரத்தம் உறையவும் உதவுகிறது. நிறையக் கசியும் புண்ணுக்கு இது அருமையான கட்டு. காய்ந்த புண்ணுக்குப் போடக் கூடாது, இருக்கிற ஈரத்தையும் இழுத்துவிடும்.

நம் பெண்கள் எடுக்கும் இன்னொரு பாசியான மரிக்கொழுந்திலிருந்து அகர் வருகிறது. சீழை எடுத்து, "கல்ச்சர் டெஸ்ட்" என்று அனுப்புகிறார்களே, அந்தத் தட்டில் கிருமி வளரும் தளம் அகர். எந்த மருந்து கேட்கும் என்று கண்டுபிடிப்பது அதன் மேல்தான்.

இறால் ஓட்டில் கைட்டின் இருக்கிறது. அதைக் காரத்தில் வேகவைத்துப் பக்குவப்படுத்தினால் கைட்டோசான். அதற்கு நேர்மின்னேற்றம், சிவப்பணுவின் மேற்பரப்புக்கு எதிர்மின்னேற்றம். இரண்டும் ஒட்டிக்கொண்டு காயத்தின் வாயை அடைக்கும். ஹெம்கான் என்ற கைட்டோசான் கட்டுக்கு அமெரிக்காவில் 2002இல் அனுமதி கிடைத்தது. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் பெருக்கெடுக்கும் ரத்தத்தை நிறுத்தப் பயன்பட்டது. நம் இறால் கம்பெனிகள் ஒதுக்கும் ஓட்டில் இருப்பதும் இதே கைட்டின்தான்.

நம் ஊர்ப் பாசியில் ஆல்ஜினேட் எடுப்பது புதிதல்ல. மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் 1947இல் தொடங்கி, 1949இல் மண்டபத்துக்கு வந்தது. பாசிக்கென்றே தனி ஆராய்ச்சி நிலையமும் மண்டபத்தில் இருக்கிறது. மருத்துவத் தரத்துக்குச் சுத்திகரித்து, நாராக்கி, கிருமி நீக்கிக் கட்டாக்குவதுதான் கடினமான பகுதி. உங்களைப் போன்றவர்கள் வேதியியல் படித்துவிட்டு அந்தப் பகுதியைக் கையில் எடுக்க வேண்டும் என்பது என் உண்மையான ஆசை. விரலில் சேலைத் துணியைச் சுற்றிக்கொண்டு பாசி எடுக்கிறவளுக்கு, அதே பாசியில் செய்த கட்டு கைக்கெட்டும் விலையில் கிடைக்க வேண்டும். ஒன்று மட்டும்: படித்துவிட்டுப் பச்சைப் பாசியையோ இறால் ஓட்டுப் பொடியையோ யாரும் புண்ணில் வைத்துவிடாதீர்கள்.

கேள்வி: கருப்பட்டி காய்ச்சும்போது பாகு தெறித்து முழங்கை வெந்துவிட்டது. வாழையிலை வைத்துக் கட்டலாமா?
— பனைத் தொழிலாளி, சாயல்குடி

பதில்: பாகு தோலில் ஒட்டிக்கொண்டு சுட்டுக்கொண்டே இருக்கும். அடுத்த முறை அப்படி ஆனால் உடனே குளிர்ந்த தண்ணீரை 20 நிமிடம் ஊற்றுங்கள். பாகைச் சுரண்ட வேண்டாம், தானே கரையும். வளையல், காப்பு இருந்தால் வீங்கும் முன் கழற்றிவிடுங்கள். பேஸ்ட், மை, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். வாழையிலைக் கட்டு வெறும் பாட்டி வைத்தியம் என்று நினைக்காதீர்கள். மும்பை மருத்துவர்கள் அதைத் தீப்புண்களில் முறையாகச் சோதித்து, ஒட்டாத, வலி குறைந்த கட்டு என்று 2003இல் வெளியிட்டார்கள். அதற்கு முன்பே அங்கு டாக்டர் கேஸ்வானி அவித்த உருளைக்கிழங்குத் தோலைக் கட்டாக்கியிருந்தார். இரண்டையுமே மருத்துவமனையில் நீராவியில் கிருமி நீக்கித்தான் வைத்தார்கள். தோட்டத்து இலையை அப்படியே வைப்பது வேறு. சுத்தமான ஈரத்துணியால் தளர்வாக மூடிக்கொண்டு போங்கள். கொப்புளம் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலோ, மூட்டு மேல் இருந்தாலோ டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். உங்களுக்கு முழங்கை என்பதால் இன்றே போய்விடுங்கள்.

கேள்வி: எங்கள் பள்ளி முதலுதவிப் பெட்டியில் பழைய பஞ்சும் காலியான டிங்சர் பாட்டிலும்தான் இருக்கிறது. குறைந்த செலவில் என்ன வாங்கி வைக்கலாம்?
— ஆசிரியை, மண்டபம்

பதில்: டீச்சர், முதலில் முக்கோணத் துணி நாலைந்து. ஒரு மீட்டர் சதுரக் காடாத் துணியைக் குறுக்கே வெட்டினால் இரண்டு கிடைக்கும். ஜெர்மனியில் ராணுவ அறுவை மருத்துவராக இருந்த எஸ்மார்க் இந்த முக்கோணத் துணியைப் பெரிதாகப் பரப்பினார். அதன் மேலேயே, எந்தக் காயத்துக்கு எப்படிக் கட்டுவது என்று படம் அச்சடித்துக் கொடுத்தார். எழுதப் படிக்கத் தெரியாத சிப்பாயும் அதைப் பார்த்துத் தன் தோழனுக்குக் கட்டிவிடலாம். 1882இல் கீல் நகரில் பொதுமக்களுக்கு முதலுதவிப் பள்ளியும் தொடங்கினார். உங்கள் ஓவிய ஆசிரியரிடம் சொல்லி, துணியில் அழியாத மையால் படம் வரையச் சொல்லுங்கள். கைத்தூளி, தலைக்கட்டு, முழங்கால் கட்டு மூன்றும் போதும்.

ஊக்கு ஒரு டஜன் வேண்டும். வால்டர் ஹண்ட் என்ற அமெரிக்கர் 1849இல் அதற்குக் காப்புரிமை வாங்கி, சின்னக் கடன் ஒன்றை அடைப்பதற்காக 400 டாலருக்கு விற்றுவிட்டார். கூர் முனை தொப்பிக்குள் மறைவதுதான் அதன் முக்கியமான வேலை, குழந்தை உடம்பில் குத்தாது. கிரேப் பேண்டேஜோடு வரும் பல் கிளிப்பைச் சின்னப் பிள்ளைகளுக்குப் போடாதீர்கள், கழன்றால் வாயில் போட்டுக்கொள்வார்கள். அப்புறம் உறையிலிட்ட காஸ், பல அளவு பிளாஸ்திரி, 10 செ.மீ. கிரேப் இரண்டு, காகித டேப், வட்ட முனைக் கத்தரிக்கோல், கையுறை, என்.எஸ். சின்ன பாட்டில் வையுங்கள். பஞ்சைத் தூக்கிப் போடுங்கள், இழை காயத்தில் ஒட்டும். டிங்சரும் வேண்டாம், காயத்துக்கு ஓடும் நல்ல தண்ணீரே போதும்.

எட்டாம் வகுப்பிலிருந்து பிள்ளைகளுக்கு மாதம் ஒரு வகுப்பு ஒதுக்குங்கள். முதலில் ஒருவருக்கு ஒருவர் கட்டட்டும். அப்புறம் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, மறுகையால் தன் கட்டைத் தானே கட்டட்டும். இவர்களில் பல பேர் நாளைக்குக் கடலுக்கும் பாசிக்கும் போகிறவர்கள். பெட்டிக்குப் பூட்டுப் போடாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தேதி முடிந்ததை எடுத்துவிட்டுப் புதிதை வைக்க ஒரு ஆளைப் பொறுப்பாக்குங்கள்.

சொறி மீன் (ஜெல்லி மீன்) பட்ட எரிச்சல் பற்றித் தொண்டி, தேவிபட்டினம், ஏர்வாடியிலிருந்து வந்த கடிதங்களுக்கு அடுத்த இதழில் பதில் எழுதுகிறேன். அதுவரை பட்ட இடத்தில் மண்ணை அள்ளித் தேய்க்காதீர்கள்.